எஜெக்டர் வைத்த ஃபிரிட்ஜ்: கம்ப்ரஸருக்கு மாற்றா, கைத்துணையா?

கரண்ட் பில்லையும் ஃபிரிட்ஜையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எஜெக்டர் என்ற சொல்லும் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. "அதை வைத்தால் கம்ப்ரஸரே வேண்டாமாம்" என்பார் ஒருவர். "பில் பாதியாகிவிடுமாம்" என்பார் இன்னொருவர். ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: "இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் அது இன்னும் நன்றாக ஓடும்."

மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ஆனால் வீட்டு ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை மூன்றுமே தவறு. எஜெக்டர் என்பது அசையும் பாகம் இல்லாத ஒரு குழாய்க் கருவி. அது புதிதாக எந்த ஆற்றலையும் உண்டாக்குவதில்லை. ஃபிரிட்ஜுக்குள் ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பங்கைப் பிடித்து, கம்ப்ரஸருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பங்கு எங்கே வீணாகிறது, எப்படிப் பிடிக்கிறார்கள், எவ்வளவு தேறும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். இயற்பியல் பாடம் மறந்துபோனவர்களுக்கும் புரியும்.

## ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை

ஃபிரிட்ஜ் செய்வது ஒரே வேலை: பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. பாலின் சூடு, காய்கறியின் சூடு, கதவைத் திறக்கும்போது நுழையும் காற்றின் சூடு எல்லாம் கடைசியில் அடுப்படிக்குள்தான் வந்து சேரும். ஃபிரிட்ஜின் பின்புறமோ பக்கவாட்டோ வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான்.

இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது குளிரூட்டி. மெக்கானிக்குகள் 'கேஸ்' என்பார்கள். இன்று வரும் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்கு நெருங்கிய உறவு.

இங்கே ஒரு விஷயத்தை மலைவாசிகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எளிதில் வேகாது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். குக்கர் மூடியைப் போட்டு அழுத்தத்தை ஏற்றினால் கொதிநிலை ஏறும்.

ஃபிரிட்ஜ் முழுக்க இந்த ஒரே விதியில்தான் ஓடுகிறது. கடல்மட்ட அழுத்தத்தில் ஆர்600ஏ சுமார் மைனஸ் 12 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தை இன்னும் இறக்கி சுமார் 0.6 பார் ஆக்கினால் மைனஸ் 25-லேயே கொதிக்கும். (பார் என்பது அழுத்தத்தின் அளவு, கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்.) கொதிப்பதற்கு வெப்பம் வேண்டுமே? அதைப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களிடமிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. இப்படிக் கொதிக்கும் இடம் எவாப்பரேட்டர், பேச்சுவழக்கில் கூலிங் காயில்.

அப்புறம் அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து, அழுத்தி, அழுத்தத்தை ஏற்றுகிறது. சமவெளியின் வெயில் நாளில் இது 6 பார் வரை போகும். அழுத்தம் ஏறியதால் இப்போது 45 டிகிரி சூட்டிலும் அது ஆவியாக இருக்க முடியாமல் திரவமாகிறது. திரவமாகும்போது சுமந்துவந்த வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. இந்த இடம் கண்டென்ஸர்.

கடைசியாக அந்தத் திரவத்தை 6 பாரிலிருந்து மறுபடி 0.6 பாருக்கு இறக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் இதைச் செய்வது கேப்பிலரி: சில மீட்டர் நீளமுள்ள, துளை மிகக் குறுகிய செம்புக் குழாய். அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும்போதே அழுத்தம் இறங்கிவிடும்.

இதுவரை பார்த்தது: கூலிங் காயிலில் கொதித்து வெப்பத்தை எடுக்கிறது, கம்ப்ரஸரில் அழுத்தம் ஏறுகிறது, கண்டென்ஸரில் வெப்பத்தை விடுகிறது, கேப்பிலரியில் அழுத்தம் இறங்குகிறது. இந்த நான்கில் கரண்டைத் தின்பது பெரும்பாலும் கம்ப்ரஸர்தான்.

## வீணாவது எங்கே?

கேப்பிலரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கம்ப்ரஸர் கரண்டைச் செலவழித்துக் கஷ்டப்பட்டு ஏற்றிய அழுத்தத்தை, கேப்பிலரி ஒரு பயனும் இல்லாமல் உராய்வில் கரைத்துவிடுகிறது.

பைக்காரா ஆற்றுத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். அதை மலை விளிம்பிலிருந்து அப்படியே கீழே விழவிட்டால் பாறையில் மோதி, நுரைத்து, ஓய்ந்துவிடும். விழுந்த வேகம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சிறு சூடாகத் தண்ணீரிலேயே கரைந்துபோகும். அதே தண்ணீரைக் குழாயில் இறக்கி, சிங்காரா மின்நிலையத்தில் டர்பைனைச் சுழற்றவைத்தால் கரண்ட். 1932 முதல் அதைத்தான் செய்கிறார்கள். தண்ணீர் ஒன்றே, இறங்கும் உயரமும் ஒன்றே. நடுவில் ஒரு சக்கரம் வைத்தோமா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

கேப்பிலரி என்பது சக்கரம் வைக்காத அருவி. இதில் இரட்டை நஷ்டம் இருக்கிறது. ஒன்று, பிடித்திருக்கக்கூடிய ஆற்றல் போனது. இரண்டு, அந்த ஆற்றல் சூடாக மாறிக் குளிரூட்டிக்குள்ளேயே தங்கிவிடுவதால், கூலிங் காயிலுக்குப் போகும் முன்பே திரவத்தில் கொஞ்சம் கூடுதலாக ஆவியாகிவிடுகிறது. அவ்வளவு குளிர்ச்சி காயிலுக்குக் கிடைக்காமல் போகிறது.

அப்படியானால் கேப்பிலரி இருக்கும் இடத்தில் ஒரு குட்டி டர்பைனை வைத்துவிடலாமே? வைக்கலாம்தான். ஆனால் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு நொடிக்கு ஓடும் குளிரூட்டி அரை கிராம் அளவுதான். அதுவும் பாதி திரவம், பாதி ஆவியாகச் சீறிக்கொண்டு வரும். அவ்வளவு சின்ன ஓட்டத்துக்குச் சக்கரம் செய்து, தாங்கி வைத்து, பத்துப் பதினைந்து வருடம் பழுதாகாமல் ஓடவைப்பது கட்டுப்படியாகாது. சுழலும் பாகமே இல்லாமல் அதே வேலையைக் கொஞ்சமாவது செய்யும் ஒரு பொருள் வேண்டும். எஜெக்டர் நுழைவது இங்கேதான்.

## உங்கள் அடுப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

கேஸ் அடுப்பைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறீர்களா? குமிழுக்குப் பின்னால் பித்தளை ஜெட் ஒன்று இருக்கும். அதில் ஊசி முனை போல ஒரு துளை. அதிலிருந்து வேகமாகப் பாயும் கேஸ், பர்னருக்குப் போகும் குழாயின் வாய்க்குள் நுழைகிறது. அந்த வாயருகே இருக்கும் திறப்பு வழியாக வெளிக்காற்றும் கூடவே உள்ளே இழுக்கப்படுகிறது. ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை. கேஸின் வேகமே காற்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்று சேர்வதால்தான் சுடர் நீலமாக எரிகிறது. திறப்பில் அழுக்கு அடைத்தால் மஞ்சளாகிப் பாத்திரம் கரி பிடிக்கிறது.

உவமைக்காகச் சொல்லவில்லை, அது எஜெக்டரேதான். வேகமாகப் பாயும் ஒன்று, மெதுவாக நிற்கும் இன்னொன்றைத் தன்னோடு இழுத்துச் செல்லும் கருவிக்குத்தான் அந்தப் பெயர்.

ஃபிரிட்ஜுக்கான எஜெக்டரில் மூன்று பகுதிகள். முதலாவது நாசில்: உயர் அழுத்தக் குளிரூட்டி குறுகிய துளை வழியாகப் பாய்கிறது. அழுத்தம், ஓட்டத்தின் வேகமாக உருவெடுக்கிறது. கேப்பிலரியில் உராய்வாகப் போனது இங்கே வேகம் என்ற வடிவில் கையில் கிடைக்கிறது, அதுதான் சூட்சுமம். நாசிலை விட்டு வெளியே வரும் இடத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்திருக்கும். அதனால் பக்கவாட்டிலிருந்து, கூலிங் காயிலில் இருக்கும் ஆவி உள்ளே இழுக்கப்படுகிறது.

இரண்டாவது, கலக்கும் குழல். வேகமாக வந்ததும் மெதுவாக வந்ததும் இங்கே மோதிக் கலந்து, ஒரு நடுத்தர வேகத்துக்கு வருகின்றன. எஜெக்டரின் பலவீனமும் இதுதான். கலக்கும்போது ஆற்றலில் பெரும்பகுதி கொந்தளிப்பில் போய்விடும். எவ்வளவு கவனமாக வடிவமைத்தாலும் இந்த இழப்பை ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும்.

மூன்றாவது டிஃப்யூசர்: மெல்ல மெல்ல விரியும் குழாய். இடம் அகலமாவதால் ஓட்டத்தின் வேகம் குறைகிறது, குறைந்த வேகம் மறுபடி அழுத்தமாகிறது. ஆக, வெளியே வரும் கலவையின் அழுத்தம், பக்கவாட்டில் இழுக்கப்பட்ட ஆவியின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இதை அழுத்த ஏற்றம் என்போம்.

சுருக்கமாக: அழுத்தம் வேகமாகிறது, வேகம் இன்னொன்றை இழுக்கிறது, மிஞ்சிய வேகம் மறுபடி அழுத்தமாகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

## ஒரே பெயரில் இரண்டு ஃபிரிட்ஜ்கள்

'கம்ப்ரஸரே வேண்டாம்' என்ற பேச்சு வெறும் கற்பனையல்ல. எஜெக்டர் ஃபிரிட்ஜ் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு இயந்திரங்கள் உண்டு. ஒன்றைப் பற்றிப் படித்ததை இன்னொன்றின் தலையில் கட்டிவிடுகிறார்கள். குழப்பத்தில் முக்கால்வாசி இதனால் வருவதுதான்.

முதல் வகை வெப்பத்தால் ஓடுவது. ஒரு கொதிகலனில் ஆவி தயாராகி, அது நாசிலில் பாய்ந்து, கூலிங் காயிலின் ஆவியை இழுத்துக்கொண்டு கண்டென்ஸருக்குப் போகும். கம்ப்ரஸரின் வேலையை எஜெக்டரே செய்துவிடும். திரவத்தைக் கொதிகலனுக்குத் திருப்பி அனுப்ப ஒரு சின்ன பம்பு போதும். 1910 வாக்கில் பிரான்சின் மாரிஸ் லெப்ளாங்க் நீராவியை வைத்தே இப்படிக் குளிரூட்டிக் காட்டினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு இடைவிடாமல் வெப்பம் வேண்டும், கொடுக்கும் வெப்பத்தில் பாதிக்கும் குறைவாகவே குளிர்ச்சியாகத் திரும்பும் என்பதுதான் வழக்கம். தண்ணீரைக் குளிரூட்டியாக வைத்தால் உறைநிலைக்குக் கீழே போகவே முடியாது, ஐஸ் கட்டி கிடைக்காது. சும்மா போகும் வெப்பம் நிறைய இருக்கும் இடத்துக்கு இது பொருந்தும். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் உலர்த்திக்கு நாள்முழுக்க விறகு எரிகிறதே, அங்கே யோசித்துப் பார்க்கலாம். வீட்டு அடுப்படியில் இதற்கு வேலையில்லை.

இரண்டாவது வகைதான் நம் விஷயம். இதில் கம்ப்ரஸர் இருக்கும், கரண்டும் செலவாகும். எஜெக்டர் கேப்பிலரியின் இடத்தில் உட்கார்ந்து, வீணாகும் அழுத்தத்தை மீட்டு, கம்ப்ரஸருக்கு வரும் ஆவியைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்திக் கொடுக்கும். 1931-ல் அமெரிக்காவில் நார்மன் கே என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதாவது இது நேற்று வந்த நுட்பமல்ல.

கருவியின் மூலம் இன்னும் பழையது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை புகைவிட்டுக்கொண்டு ஏறும் மலை ரயிலோடு அதற்கு உறவும் உண்டு. நீராவி எஞ்சினில் கொதிகலனுக்குள் ஏற்கெனவே அழுத்தம் அதிகம். அதற்குள் புதிய தண்ணீரை எப்படித் தள்ளுவது? 1858-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி ஜிஃபார் ஒரு வழி கண்டார். கொதிகலனிலிருந்தே கொஞ்சம் நீராவியை எடுத்து, நாசிலில் பாயவிட்டு, தண்ணீரை இழுத்து, அதே கொதிகலனுக்குள் தள்ளுவது. கேட்டவர்கள் முதலில் நம்பவில்லையென்றால் அதில் வியப்பில்லை. (நீராவியில் ஓடும் வான்கப்பலை 1852-ல் பறக்கவிட்டவரும் இவர்தான், சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.) இன்ஜெக்டர் என்ற பெயரில் அது உலகம் முழுவதும் நீராவி எஞ்சின்களில் ஏறியது. ஃபிரிட்ஜ் எஜெக்டர் அதன் பேரப்பிள்ளை.

## ஃபிரிட்ஜில் அது உட்காரும் இடம்

வீட்டு ஃபிரிட்ஜில் எஜெக்டருக்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள இன்னொரு வீண்செலவைப் பார்க்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் இரண்டு அறைகள். மேலே ஃப்ரீசர், மைனஸ் 18 டிகிரி. கீழே காய்கறியும் பாலும் இருக்கும் அறை, 4 டிகிரி. ஃப்ரீசரை அந்தக் குளிரில் வைக்க, காயில் மைனஸ் 25 வாக்கில் கொதிக்க வேண்டும். கீழறைக்கு அவ்வளவு தேவையில்லை, மைனஸ் 5-லேயே கொதித்தால் போதும். ஆனால் சாதாரண ஃபிரிட்ஜில் ஒரே காயில், ஒரே அழுத்தம். ஃப்ரீசருக்காக 0.6 பாருக்கு இறக்கி, அதே காயிலின் குளிரைக் கீழறைக்கும் பங்கு போடுகிறார்கள். கத்தரிக்காய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் ஒரே செலவு.

அழுத்தம் தாழத் தாழ கம்ப்ரஸருக்குப் பாடு அதிகம். ஆவி மெலிந்திருக்கும், ஒவ்வொரு இழுப்பிலும் கிடைக்கும் எடை குறையும், ஏற்ற வேண்டிய உயரமோ கூடும்.

எஜெக்டர் வைத்த அமைப்பில் இரண்டு காயில்கள் இருக்கும். கண்டென்ஸரிலிருந்து வரும் திரவம் இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு வழக்கம்போலக் கேப்பிலரி வழியாக ஃப்ரீசர் காயிலுக்குப் போய், தாழ்ந்த அழுத்தத்தில் கொதிக்கும். இன்னொரு பங்கு உயர் அழுத்தத்தோடு எஜெக்டரின் நாசிலில் பாய்ந்து, ஃப்ரீசர் காயிலின் ஆவியை இழுக்கும். கலவை டிஃப்யூசரில் அழுத்தம் கொஞ்சம் ஏறி, கீழறைக் காயிலுக்குள் போகும். அங்கே மிச்சத் திரவம் கொதித்து முடிந்ததும் எல்லாம் சேர்ந்து கம்ப்ரஸருக்கு வரும்.

கவனிக்க வேண்டியது: ஃப்ரீசர் 0.6 பாரில் இருந்தாலும் கம்ப்ரஸருக்கு இப்போது அந்த 0.6 தெரியாது. அதற்கு வருவது, உதாரணத்துக்கு, 0.7 பார் ஆவி. 0.6-க்கும் 0.7-க்கும் இடையே உள்ள ஏற்றத்தை எஜெக்டர், வீணாகப் போகவிருந்த ஆற்றலை வைத்துச் செய்து முடித்துவிட்டது. 0.1 பார் அற்பமாகத் தோன்றும். ஆனால் 0.6-லிருந்து 6-க்குப் போவது பத்து மடங்கு, 0.7-லிருந்து 6-க்குப் போவது எட்டரை மடங்கு. கம்ப்ரஸருக்கு அது லேசாகத் தெரியும்.

கீழறைக்குத் தேவையான மைனஸ் 5-க்கு, அதாவது சுமார் 1.3 பாருக்கு, எஜெக்டராலேயே ஏற்றிவிட முடியாதா? முடியாது. வீட்டு ஃபிரிட்ஜின் நாசிலில் கிடைக்கும் ஆற்றல் அதற்குப் போதாது. கலக்கும் குழலில் போகும் இழப்பையும் கழித்தால், காயிலின் கொதிநிலையில் ஒரு சில டிகிரி ஏற்றம்தான் தேறும்.

## எவ்வளவு மிச்சமாகும்?

'பாதி பில்' என்ற கணக்கு இங்கே வந்து உடைகிறது.

1990-ல் ஆலன் கார்ன்ஹவுசர் என்ற அமெரிக்க ஆய்வாளர், அன்று புழக்கத்தில் இருந்த ஆர்12 குளிரூட்டிக்கு, எந்த இழப்பும் இல்லாத லட்சிய எஜெக்டரைக் கற்பனை செய்து கணக்குப் போட்டார். ஃபிரிட்ஜின் திறன் 21 சதவீதம் கூடும் என்று வந்தது. இந்த எண்ணைத்தான் பலர் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அது காகிதத்தில் கிடைத்த உச்சம். கேப்பிலரி வழியே போகும் ஆற்றலில் நிஜ எஜெக்டர் மீட்டுத் தருவது நான்கில் ஒரு பங்கு என்றாலே நல்ல வேலை. அந்தக் கணக்கில் வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஐந்து சதவீதத்தை ஒட்டிய மிச்சம் நியாயமான எதிர்பார்ப்பு.

இதிலும் ஒரு சிக்கல். சாதாரண ஃபிரிட்ஜ் தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. கேப்பிலரியை, கம்ப்ரஸருக்குத் திரும்பும் குளிர்ந்த குழாயோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். திரும்பும் ஆவியின் குளிர், கேப்பிலரிக்குள் இருக்கும் திரவத்தைக் குளிர்விக்கும். அதனால் வழியிலேயே ஆவியாகும் நஷ்டத்தில் ஒரு பகுதி இப்போதே மீட்கப்படுகிறது. எஜெக்டர் வரும்போது அதற்கு மிஞ்சியிருக்கும் பங்கு இன்னும் சிறிது.

ரூபாய்க்கு வருவோம். ஆண்டுக்கு 200 யூனிட் என்று ஸ்டிக்கரில் போட்ட ஃபிரிட்ஜ் ஒன்று. ஐந்து சதவீதம் என்றால் 10 யூனிட். ஒரு வருடத்துக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் வீட்டில் இது பில்லில் கண்ணுக்கே தெரியாது. நாடு முழுவதும் உள்ள கோடிக்கணக்கான ஃபிரிட்ஜ்களையும் கூட்டினால் அது பெரிய தொகை. பொறியாளர்கள் மெனக்கெடுவது அதற்காக. தனி ஒரு வீட்டுக்கு அல்ல.

எஜெக்டர் வெளுத்துவாங்கும் இடங்களும் உண்டு. கார்பன் டை ஆக்சைடைக் குளிரூட்டியாக வைக்கும் இயந்திரங்களில் வெயில் காலத்தில் உயர் அழுத்தம் 90 பாரைத் தொடும், தாழ் அழுத்தம் 30 வாக்கில் இருக்கும். இடையே இறங்கும் 60 பார் என்பது மாபெரும் அருவி. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகளின் குளிர்பதன அமைப்புகளில் அதனால்தான் எஜெக்டர் இடம்பிடித்தது. ஜப்பானின் டென்சோ நிறுவனம் 2003-ல் குளிர்சாதன லாரிகளுக்கும், 2009-ல் டொயோட்டா பிரியஸ் காரின் ஏசிக்கும் எஜெக்டரைக் கொண்டுவந்தது. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு வீட்டு ஃபிரிட்ஜுக்கும் அதே பலனை எதிர்பார்ப்பதுதான் தப்பு.

இதுவரை: எஜெக்டரின் பலன் அழுத்த வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் பெரிதானால் பலன் பெரிது. வீட்டு ஃபிரிட்ஜில் வித்தியாசம் சிறிது.

## மலைக்கு வந்தால் என்ன ஆகும்?

சமவெளியில் 35 டிகிரி அறையில் ஃபிரிட்ஜின் கண்டென்ஸர் 45 டிகிரியை எட்டும், உள்ளே 6 பார். ஊட்டி அடுப்படியில் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கண்டென்ஸர் 25-ஐச் சுற்றி நிற்கும், உள்ளே சுமார் 3.5 பார். ஃப்ரீசர் பக்கம் இரண்டு ஊரிலும் அதே 0.6. அருவியின் உயரம் ஊட்டியில் குறைந்துவிட்டது. ஒவ்வொரு கிலோ குளிரூட்டிக்கும் மீட்கக் கிடைக்கும் ஆற்றல் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். போதாக்குறைக்கு, குளிர்ந்த அறையில் ஃபிரிட்ஜே குறைந்த நேரம்தான் ஓடும். ஆக எஜெக்டர் ஃபிரிட்ஜால் அதிகம் மிச்சம் பார்ப்பவர் கோயம்புத்தூர்க்காரர், ஊட்டிக்காரர் அல்ல. கொடைக்கானலுக்கும் இதே கதைதான்.

காற்றழுத்தக் கதைக்கு வருவோம். ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 0.78 பார். ஆனால் ஃபிரிட்ஜின் குழாய்கள் முழுக்க மூடி, பற்றவைக்கப்பட்டவை. வெளியே என்ன அழுத்தம் என்பது உள்ளே இருக்கும் குளிரூட்டிக்குத் தெரியவே தெரியாது. எஜெக்டருக்கும் தெரியாது. வித்தியாசம் தெரிவது மெக்கானிக்கின் மீட்டரில்தான். அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளப்பது. ஃப்ரீசர் பக்கம் அதே 0.6 பார் இருந்தாலும், மீட்டர் முள் மேட்டுப்பாளையத்தில் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 0.4 காட்டும், ஊட்டியில் 0.2-க்குச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். சமவெளியில் தொழில் பழகியவர் இதைப் பார்த்து கேஸ் கூடிவிட்டதாக நினைத்துக் கொஞ்சம் இறக்கிவிட வாய்ப்புண்டு.

மலை வீடுகளின் உண்மையான ஃபிரிட்ஜ் பிரச்சினை வேறு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இளகிக் கிடக்கும். 'இவ்வளவு குளிரில் எப்படி உருகும்?' என்று தலையைச் சொறிவார்கள். காரணம் எளிது. பல ஃபிரிட்ஜ்களில் ஒரே ஒரு தெர்மோஸ்டாட்தான், அதுவும் கீழறையில். அடுப்படியே 8 டிகிரியில் இருந்தால் கீழறை சூடேறுவதே அரிது. தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரைக் கூப்பிடுவதில்லை. மேலே ஃப்ரீசர் மட்டும் மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டே இருக்கும்.

எஜெக்டர் இதைத் தீர்க்காது. இரண்டு காயில்களும் அதில் ஒரே சங்கிலியில் கோத்திருப்பதால், கம்ப்ரஸர் ஓடாதபோது இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஃப்ரீசருக்கெனத் தனி உணரி இருக்கும் மாதிரிதான் இதற்குச் சரியான மருந்து. வாங்கும்போது பின்புற ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகுப்பையும் பாருங்கள். 'எஸ்என்' என்றால் 10 முதல் 32 டிகிரி வரையான அறைக்கு வடிவமைத்தது. 'என்' என்றால் 16 முதல் 32. 'டி' என்றால் 16 முதல் 43. நீலகிரியில் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கிவரும் நாம் இந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால், இங்கே எஜெக்டரைவிட அந்த ஓரிரு எழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

## கடையில் ஏன் கிடைப்பதில்லை?

நம் கடைகளில் விற்கும் சாதாரண ஃபிரிட்ஜ்களில் எஜெக்டர் இல்லை. விலை மட்டும் காரணமல்ல. நொடிக்கு அரை கிராம் ஓட்டத்துக்கு நாசிலின் துளை கால் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அதை லட்சக்கணக்கில், ஒன்றுபோல, வழவழப்பாகச் செய்ய வேண்டும். துளை சற்றுப் பெரிதானால் வேகம் வராது, சிறிதானால் குளிரூட்டி போதாது. குழாய்க்குள் தங்கிவிட்ட ஒரு துளி ஈரம் அங்கே ஐஸாக உறைந்தாலும் அடைப்புதான். கேப்பிலரியிலும் இந்த வியாதி உண்டு. ஆனால் நாசிலின் வடிவம் கெட்டால் எஜெக்டர் வெறும் ஓட்டைக் குழாயாகிவிடும்.

இன்னொன்று இன்வெர்ட்டர் கம்ப்ரஸர். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது அதன் சிறப்பு, கரண்டை மிச்சப்படுத்துவதிலும் கெட்டி. ஆனால் நாசிலின் துளை மாறாதது. ஒரு குறிப்பிட்ட ஓட்டத்துக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும். கம்ப்ரஸர் மெதுவாக ஓடும்போது நாசிலுக்கு வேகம் கிடைக்காது. துளையை மாற்றிக்கொள்ளும் எஜெக்டர்களைப் பெரிய இயந்திரங்களில் வைக்கிறார்கள். வீட்டு அளவுக்கு அதைச் சுருக்கினால் விலை எகிறும்.

## பழைய ஃபிரிட்ஜில் பொருத்த முடியுமா?

முடியாது. எஜெக்டர் கேப்பிலரியைக் கழற்றிவிட்டு மாட்டும் உதிரிப் பாகமல்ல. இரண்டாவது காயில் வேண்டும், ஏற்கெனவே இருக்கும் காயிலின் அளவு மாற வேண்டும், கம்ப்ரஸர் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், குளிரூட்டியின் எடை கிராம் கணக்கில் பொருந்த வேண்டும். முழு ஃபிரிட்ஜையும் அதற்கென்றே வடிவமைத்தால்தான் உண்டு. யாராவது 'எஜெக்டர் கிட்' என்று ஒன்றைக் காட்டி, உங்கள் ஃபிரிட்ஜை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்றால் கதவைச் சாத்திவிடுங்கள். உள்ளே இருப்பது ஆர்600ஏ என்றால் அது தீப்பற்றும் வாயு. குழாயில் மிச்சம் இருக்கும்போது வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தால் விபரீதம்.

அந்த ஐந்து சதவீதம்தான் வேண்டும் என்றால் எஜெக்டருக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் மாற்றுங்கள். மழைக்கால ஈரத்தில் ரப்பரில் பூஞ்சை படிந்தால் துடைத்துவிடுங்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுங்கள். விறகடுப்போ ஹீட்டரோ பக்கத்தில் இருந்தால் இரண்டில் ஒன்றை இடம் மாற்றுங்கள்.